ஒரு சென்டிமீட்டர் குறைந்த கெண்டை

“காய்ச்சலே வராத ஏரிக்குத் தினமும் தெர்மாமீட்டர் வைக்கிற ஒரே ஆளு நீதான்” என்று அளவுக்காரம்மாவை அவருடைய கணவர் கேலி செய்வார். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. வசந்தகாலம் முழுக்கக் காலை ஆறு மணிக்கே படகுத்துறையில் நிற்பார். நீரின் சூடு பதினான்கு டிகிரி, லேசான காற்று, நாணல் ஓரம் மீன் முட்டையிடுகிறது, அங்கே தூண்டில் போடக்கூடாது என்று கரும்பலகையில் எழுதுவார். பிறகு ஆளாளுக்குப் பிடித்த மீனை அளப்பார். கெண்டை முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் குற்றம். மூன்று முறை சிக்கினால் அந்த ஆண்டுக்கான தூண்டில் சீட்டு ரத்து.

தையல்காரர் ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாகச் சிக்கினார். அளவுப்பலகையில் அவருடைய கெண்டை இருபத்தொன்பதுதான் காட்டியது. வாரத்தில் ஆறு நாள் மெஷின்மேல் குனிந்து கிடப்பவர். ஏழாம் நாள் நிமிர்ந்து உட்கார அவருக்கு இந்த ஏரியை விட்டால் வேறு இடமில்லை.

“அக்கா, ஊரையே அளந்து துணி தைக்கிறவன் நான். எனக்கா ஒரு மீனை அளக்கத் தெரியாது?” கழுத்திலிருந்த டேப்பை உருவி வைத்தார். முப்பது.

“வயித்து மேல வளைக்காதீங்க டெய்லர், இப்படிக் குடுங்க.” அளவுக்காரம்மா டேப்பை நேராகப் பிடித்து அளந்தார். அப்போதும் முப்பது.

பிறகு அளவுக்காரம்மா பலகையைக் குனிந்து பார்த்தார். மீனின் மூக்கை முட்டவைக்கும் தடுப்புக்கட்டை போன மாதம் உடைந்து, மீன்வள அலுவலகம் புதிது அடித்துத் தந்திருந்தது. பூஜ்யக் கோட்டில் அடிக்க வேண்டியதைப் பலகையின் விளிம்பில் அடித்திருந்தார்கள். நடுவே ஒரு சென்டிமீட்டர் சும்மா கிடந்தது. ஒரு மாதமாகத் தன் கண்ணிலும் அது படவில்லையே என்பது அவருக்குச் சுருக்கென்றது. அரசு முத்திரை குத்திய பொருளை யார்தான் சந்தேகப்படுகிறார்கள்?

பலகையைத் தூக்கிக்கொண்டு இருவரும் துறையோரத்து அலுவலகத்துக்குப் போனார்கள். உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த அதிகாரி அசரவில்லை. “பலகை ஆபீசோடது. டேப்பு அவனோடது. எதைம்மா நம்புறது?”

“அப்ப ஆபீஸ் ஸ்கேலையே வச்சுப் பாத்துடலாம் சார்.” அளவுக்காரம்மா மேசையிலிருந்த எஃகு ஸ்கேலை எடுத்துப் பலகையின் கட்டையில் முட்டவைத்தார். ஸ்கேலின் முப்பது, பலகையின் இருபத்தொன்பதில் நின்றது. “இதுவும் குஞ்சுதான் போல. ஏரியில விட்டுடவா?”

தையல்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

“சரி, சரி. இவன் சீட்டு இவன்கிட்டயே இருக்கட்டும். மத்தவங்ககிட்டயும் சொல்லி ஏன் வம்பை விலைக்கு வாங்கணும்?”

அளவுக்காரம்மா பதிவேட்டைத் திறந்து அவர்முன் வைத்தார். “இருபத்தொன்பது, இருபத்தொன்பதரைன்னு எழுதி இன்னும் அஞ்சு பேர் சீட்டைப் பறிச்சிருக்கோம். அஞ்சையும் திருப்பிக் குடுக்கக் கையெழுத்துப் போடுங்க சார். இல்லேன்னா நடந்ததைக் கரும்பலகையில எழுதிடுறேன்.”

அதிகாரி தேநீரைப் பார்த்தார், ஸ்கேலைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

ஐந்து சீட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு அளவுக்காரம்மா சைக்கிளை மிதித்தார். முதல் வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்ததுமே, “இப்ப என்ன குத்தம் செஞ்சேன்?” என்று எகிறினார்.

“நீங்க ஒண்ணும் செய்யலீங்க. குத்தம் எங்களோடது” என்று சீட்டை நீட்டினார் அளவுக்காரம்மா.