அம்மணி கொல்லையில் ஒரு விமானம்

தாமோதரனைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று என் மனைவி கேட்கிறாள். அவனை அதிகம் திட்டியவன் நான்தான், அந்த ஒரு யோக்கியதை போதும் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது எனக்கு ஏர்போர்ட் டவரில் வேலை. சிட்லபாக்கத்தில் வீடு, சானடோரியத்தில் ரயில். தரையில் ஊர்ந்து போகிற விமானங்களுக்கும் ஜீப்புகளுக்கும் ரேடியோவில் வழி சொல்வது என் பாடு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டவரில் என்னைக் 'கடுகு' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு.

தாமோதரன் பொழிச்சலூர்க்காரன். இறங்கிய விமானத்துக்கு முன்னால் மஞ்சள் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய், நிற்க வேண்டிய இடத்தைக் காட்டுகிற டிரைவர். ஆறு வருஷமாகத் தினக்கூலி. ஆள் ஒல்லி, மீசை மட்டும் தடி. "அமெரிக்கா போய் வந்த பைலட்டா இருக்கட்டும் சார், இங்க என் பின்னாலதான் வரணும்" என்பான்.

அவனிடம் ஒரே ஒரு குறை. ஏர்போர்ட்டில் பாதைகளுக்கெல்லாம் ஆங்கில எழுத்துதான் பெயர். அந்த எழுத்து அவன் வாயில் வராது. அந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் அவன் சொந்தக்காரர்கள் பயிர் வைத்த நிலம். "ஜீப் எங்கே?" என்று கேட்டால், "தையல்நாயகி கேணிகிட்ட கீறேன் சார்" என்பான். கேணியை மூடிக் கான்கிரீட் போட்டு முப்பது வருஷம் ஆகியிருக்கும். அவன் அத்தை கேழ்வரகு போட்ட இடம் அம்மணி கொல்லை. அது ஓடுபாதைக்குள் திரும்புகிற ஒரு முனை.

"நிலம் போச்சேன்னு வருத்தமாய்யா உனக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வருத்தம் இன்னா சார்? அதுல ஒண்ணும் வெளையாது. வூட்ல அப்டியே பேசிப் பேசி வாய்ல வந்துடுது."

தொண்ணூற்று நான்காம் வருஷம் செப்டம்பரில், இறங்குகிற விமானங்களைப் பார்த்துக்கொள்ள, பஞ்சாபிலிருந்து மாற்றலாகி ஓர் அதிகாரி டவருக்கு வந்தார். தாமோதரன் ரேடியோவில் "ரெட்டைப்பனை தாண்டிட்டேன்" என்று சொல்ல, பக்கத்தில் இருந்தவர் அவருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல, மனிதர் பைனாகுலரை எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் பனைமரம் தேடினார். எனக்கு மானம் போயிற்று. உட்கார்ந்து ஒரு மெமோ எழுதினேன். ரேடியோவில் இன்னொரு முறை ஊர்ப் பெயர் சொன்னால் இவனுடைய ஓட்டும் அனுமதியை ரத்து செய்யவேண்டும் என்று. அப்போதுதான் நிரந்தர வேலைக்கு அவன் பெயர் போயிருந்தது. அனுமதி போனால் அதுவும் போகும். அது தெரிந்துதான் எழுதினேன். நானே பொழிச்சலூர் போய் அவன் வீட்டில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். "சரி சார்" என்றான்.

அதற்குப் பிறகு எழுத்துதான். கணக்கு வாத்தியார் முன் வாய்ப்பாடு சொல்வது மாதிரி யோசித்து யோசித்துச் சொல்வான். பார்த்தீர்களா, வழிக்குக் கொண்டுவந்தேன் என்று டவரில் மார்தட்டிக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு காலை, அடைமழை. ஒரு விமானம் புறப்பட ஊர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் சும்மா இருக்கும் நேரம் அது என்று பயணிகள் நினைக்கிறார்கள். அப்போதுதான் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. ஒருவர் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே, வைப்பர் வழியாகத் தரையில் மஞ்சள் கோட்டைத் தேடுவார். இன்னொருவர் குனிந்துகொண்டு நாங்கள் சொல்வதை எழுதுவார், பட்டியலைப் படிப்பார், எடைக் கணக்குப் பார்ப்பார். வெளியே பார்ப்பது ஒரு ஜோடிக் கண்தான். அன்றைக்குக் கோடு தண்ணீருக்குள் இருந்தது. ஒரு திருப்பம் முன்னாலேயே திரும்பிவிட்டார்கள். அந்த வழி நேரே ஓடுபாதைக்குப் போகும். அதே ஓடுபாதையில் இறங்க இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. டவரிலிருந்து பார்த்தால் மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

தாமோதரன் ஜீப்போடு ஓரமாக நின்றிருக்கிறான். ரேடியோ கர்ரென்றது. யாரோ பட்டனை அழுத்திவிட்டுப் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவன் குரல்.

"சார், அம்மணி கொல்லைல ப்ளேன் திரும்பிச்சி. ரன்வேக்குப் போவுது சார்."

அந்த இடம் எனக்குக் கண்ணில் வந்து நின்றது. நில் என்று ஊர்கிற விமானத்துக்கு நான் சொன்னேன். மேலே போய்விடு என்று இறங்குகிற விமானத்துக்குப் பஞ்சாப்காரர் சொன்னார். அது எங்கள் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு ஏறிப் போயிற்று. மழை விட்டதும் பார்த்தேன். நின்றிருந்த விமானத்தின் மூக்கு ஓடுபாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வாரத்தில் டெல்லியிலிருந்து அதிகாரி வந்து விசாரணை நடத்தினார். டேப்பைப் போட்டார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, நான்தான் மொழிபெயர்த்தேன்.

"யார் இந்த அம்மணி?" என்று கேட்டார்.

"டிரைவரின் அத்தை" என்றேன்.

"விமானம் ஏன் அவர்கள் நிலத்துக்குப் போனது?"

அறையே சிரித்தது. தாமோதரன் மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

அதிகாரி டேப்பை மறுபடி ஓட்டினார். "பட்டனை அழுத்தி நாலு நொடி கழித்துத்தான் பேசுகிறார். ஏன்?"

அதை நான் தமிழில் கேட்டேன். தாமோதரன் என்னைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

"அந்த எடத்து எளுத்து இன்னான்னு தேடிகினு இருந்தேன் சார். கெடைக்கல. பேரச் சொன்னா வேல பூடும். அப்பால, போனா போவுதுன்னு சொல்ட்டேன்."

இதை நான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். வேலை ஏன் போகும் என்பதை அவன் சொல்லவில்லை. மெமோவைப் பற்றி மூச்சு விடவில்லை. இறங்குகிற விமானம் நாலு நொடியில் கால் கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும். அந்தக் கால் கிலோமீட்டரும் நான் செய்த வேலை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். "அவனைப் பயமுறுத்தி மெமோ எழுதியவன் நான்" என்பதையும் சேர்த்தேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வரவேண்டியதுதான். மெமோ ரத்தாயிற்று. ஜனவரியில் தாமோதரனுக்கு நிரந்தர வேலை உத்தரவு வந்தது. தபாலில் போகவேண்டியதை நானே வாங்கிக்கொண்டு பொழிச்சலூர் போனேன்.

அவன் மனைவி பொன்னி கதவைத் திறந்தாள். என் கையில் கவரைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"இன்னா சார், இன்னொரு மெமோவா?"

"இல்லம்மா, வேலை உத்தரவு. பெர்மனென்ட் ஆயிடுச்சு."

அவள் நம்பவில்லை. கவரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தாமோதரன் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும் வரைக்கும் என்னை உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நிற்கவேண்டியவன்தான், வெயிலில் நின்றேன்.