அண்ணனின் கைக்கடிகாரக் கண்ணாடி

அண்ணன் இறந்த பதினைந்தாம் நாள், நின்றுபோயிருந்த அவர் கைக்கடிகாரத்தை பேட்டரி மாற்ற ஈப்போவில் ஒரு கடையில் கொடுத்தேன். பழுது பார்ப்பவர் அமுதா, என் வயதுதான் இருக்கும்.

மறுநாள் வாங்கும்போது கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"கண்ணாடிய ஒடச்சிட்டு சும்மா குடுக்கிறியா? செத்துப்போன எங்கண்ணன் வாட்ச் இது!"

கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அமுதாவின் முகம் சிவந்தது. "சாரிக்கா, உக்காருங்க. மாத்தித் தாரேன்" என்றவர், புதுக் கண்ணாடி பொருத்தித் துடைத்துக் கொடுத்தார். நன்றிகூடச் சொல்லாமல் வந்தேன்.

அடுத்த வாரம் ஜெலாப்பாங்கில் அண்ணி வீட்டில் பழைய படங்களைப் பார்த்தேன். பிறந்தநாள் கேக் வெட்டும் அண்ணனின் மணிக்கட்டில் அதே கடிகாரம், அதே விரிசல்.

மறுநாளே கடைக்குப் போனேன்.

"விரிசல் முன்னாலயே இருந்திருக்கு. தப்பு என்மேலதான், மன்னிச்சிரு."

"தெரியும்க்கா. ரசீதுலயே எழுதியிருந்தேனே."

அதை நான் படிக்கவே இல்லை. "அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?"

"அண்ணன் செத்துப்போயிட்டாருன்னு சொன்னீங்க. அந்த நேரத்துல உங்ககிட்ட என்னா வாதாடுறது லா?"

அமுதா மன்னித்துவிட்டார். ஆனால் மன்னிப்புக் கேட்கப் போன அன்று கடையில் இரண்டு பேர் இருந்ததால், அவர்கள் போகும்வரை நான் வெளியிலேயே காத்திருந்தேன். கத்தும்போது ஊரே கேட்கக் கத்தியவள், மன்னிப்பை மட்டும் ஆளில்லாத நேரம் பார்த்துக் கேட்டிருக்கிறேன். அதுதான் இன்னும் கூசுகிறது.