கதவைத் திறக்காத சாட்சி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோது மடத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் ஓர் இளம் வங்காளச் சகோதரி. "காக்கு, சிஸ்டர் அமலி ஆர் நேய்" என்றார். மாமா, சிஸ்டர் அமலி இனி இல்லை. காய்ப் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது வீடு சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் வாசலில் நின்று, யாருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, யார் மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்று பிடித்து வைத்துக் கேட்பவர். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். காங்கோவின் கிழக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் பிரசவம் பார்த்த நர்ஸ். அங்கே அவரோடு வேலை செய்தவர் சிஸ்டர் கொலேத். அந்த மண்ணிலேயே பிறந்தவர். ஓர் ஆயுதக் கும்பல் கொலேத்தைக் கொன்றது. அவரைப் புனிதராக அறிவிக்க வேண்டும் என்று பல வருடங்கள் கழித்து அந்த ஊர் மறைமாவட்டம் விசாரணை தொடங்கியது. அப்போது உயிரோடிருந்த ஒரே நேரடிச் சாட்சி கொல்கத்தாவில் நம்மிடையே இருந்தார்.

அவருடைய வாக்குமூலத்தை இங்கேயே பதிவு செய்ய ஏற்பாடானது. "பிரெஞ்சுல பிரசவம் பார்ப்பேன். இதைத் தமிழ்லதான் சொல்ல வரும்" என்றார் சிஸ்டர். எனவே தமிழ் தெரிந்த ஒரு குருவானவர் கேள்வி கேட்க வந்தார். துறைமுக அலுவலகத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற என்னை எழுத அழைத்தார்கள். ரகசியம் காப்பதாக நானும் சத்தியம் செய்தேன். ஆனால் பின்னாளில் சிஸ்டரே, அந்த அறையில் நடந்த பேச்சு உட்பட எல்லாவற்றையும், நம் பங்குக் கோயில் மண்டபத்தில் அனைவர் முன்னிலையிலும் சொன்னார். அவர் சொன்னதை மட்டுமே எழுதுகிறேன்.

கொலேத் கொல்லப்பட்ட அன்று காலை பத்து மணி. இரண்டு லாரிகளில் வந்தார்கள். முற்றத்தில் காவல்காரரையும் அடுப்படியில் சமையல்காரரையும் வெட்டிவிட்டு, பிரசவ வார்டை நோக்கி வந்தார்கள். வார்டில் பதினொரு பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் கும்பல் தேடி வந்த இனத்தவர். இருவருக்கு அன்று விடியற்காலையில்தான் குழந்தை பிறந்திருந்தது. "உள்ளே போ, தாழ்ப்பாள் போடு. யார் சொன்னாலும் திறக்காதே" என்று அமலியைத் தள்ளிவிட்டு, கொலேத் வெளியே நின்றுகொண்டார். வழியை விடச் சொன்னார்கள். இவர் விடவில்லை. முதல் வெட்டு தோளில் விழுந்தது. பலகை இடுக்கு வழியாக அமலி அதைப் பார்த்தார்.

இந்த இடத்தில் குருவானவர் கேட்டார்: "உங்களை மன்னிக்கிறேன்னு வெட்டினவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் உயிரை விட்டாங்க, இல்லையா? அவங்க பேர்ல மக்களுக்குக் கொடுக்கிற செபப் படத்துல அப்படித்தான் அச்சடிச்சிருக்கு."

"சொல்லலை, ஃபாதர்."

"பின்னே என்ன சொன்னாங்க?"

"கதவைத் திறன்னு சொன்னா. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா."

என் பேனா நின்றுவிட்டது. சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"எழுதுங்க சார், நிறுத்தாதீங்க. கையால தட்டினா. அப்புறம் அந்தக் கை இல்லை. தலையால முட்டினா. கதவுல முதுகைக் கொடுத்து நின்னுக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு முட்டும் என் முதுகெலும்புல விழுந்துச்சு. முக்காட்டை எடுத்து என் வாயில நானே திணிச்சுக்கிட்டேன். நான் திறக்கலை."

முட்டும் சத்தம் நின்றது. அவர்கள் கதவை உடைக்கத் தொடங்கிய நேரத்தில் சாலையில் ராணுவ வண்டிகளின் சத்தம் கேட்டது. கும்பல் சுட்டுக்கொண்டே ஓடிப்போனது. அமலி தாழ்ப்பாளை நீக்கியதும் கொலேத்தின் உடல் உள்ளே சாய்ந்து அவர் காலில் விழுந்தது. பதினொரு பெண்களும் குழந்தைகளும் பிழைத்தார்கள்.

குருவானவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "இதை இப்படியே அனுப்பினா அவங்களுக்குப் புனிதர் பட்டம் கிடைக்காமப் போகலாம், சிஸ்டர். கடைசிப் பகுதியைக் கொஞ்சம் சுருக்கிச் சொல்லலாமே."

"ஓடிப் போயிருக்கலாம், ஃபாதர். வாசல்ல நின்னா. வெட்டு விழுந்ததும் கத்தினா. நான் பிரசவம் பார்க்கிறவ, வலிச்சா கத்தாத ஆளை இதுவரைக்கும் பார்த்ததில்லை. கத்தினதை எடுத்துட்டீங்கன்னா செத்தது கொலேத் இல்லை, வேற யாரோ. இப்படியே அனுப்புதீங்கன்னா கையெழுத்துப் போடுதேன்."

அப்படியே போனது. ஒன்றரை வருடம் கழித்துப் புதிய செபப் படம் வந்தபோது, மன்னிப்பு வாசகம் அதில் இல்லை. ரோமாபுரியிலிருந்து முடிவு இன்னும் வரவில்லை.

அதன் பிறகு நாங்கள் நண்பர்களானோம். ஒரு நாள் மதியம், ஜாதவ்பூர் பஸ் நிறுத்தத்தில் ஒருவனை இருபது பேர் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மொபைல் திருடினான் என்று சந்தேகம். பெல்ட், செருப்பு, செங்கல். அவன் ஒரு கண் மூடிப்போயிருந்தது. சிஸ்டர் தன் பையை என்னிடம் திணித்துவிட்டு, "மேரோ நா! மேரோ நா!" அடிக்காதே, அடிக்காதே என்று கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் புகுந்து அவன்மீது கவிழ்ந்து விழுந்தார். அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. அவனுக்கு ஓங்கிய செங்கல் இவர் மணிக்கட்டில் விழுந்து எலும்பு உடைந்தது. கூட்டம் அதற்குப் பிறகுதான் கலைந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது கேட்டார்: "நீங்க எங்க நின்னீங்க, சார்?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம். பயமா இருந்துச்சு, சிஸ்டர்."

"பயம் எனக்கும்தான்." உடைந்த மணிக்கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அன்னிக்கு நான் திறக்காதது சரியா தப்பான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலை. ஆனா எனக்குப் பின்னால பதினொரு பேர் இருந்தாங்க. உங்க கையில என் பைதானே இருந்துச்சு."

கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு அது இரண்டு வருடம் தூக்கத்தைக் கெடுத்தது.

போன மாதம் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில், தண்ணீர் பாட்டில் விற்பவர் ஒருவரைக் கீழே தள்ளி இரண்டு பேர் வயிற்றில் மிதித்துக்கொண்டிருந்தார்கள். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. பிளாட்பாரமே சுற்றி நின்று பார்த்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன். குறுக்கே விழுந்ததும் முகத்தில் ஒரு குத்து. முன்பற்கள் இரண்டு போயின. அவர்கள் கவனம் என் பக்கம் திரும்பிய நேரத்தில் அந்த மனிதர் எழுந்து ஓடிவிட்டார்.

மறுநாள் மடத்துக்குப் போனேன். சிஸ்டர் அப்போதே படுக்கையில்தான் இருந்தார், சிறுநீரகம் கெட்டிருந்தது. என் வாயைத் திறக்கச் சொல்லி மொபைல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"வலிக்குதா?"

"ரொம்ப."

"பயந்தீங்களா?"

"ரொம்ப, சிஸ்டர்."

"அவன் எழுந்தானா?"

"எழுந்து ஓடிட்டான்."

"அப்ப சரி, வாயை மூடுங்க" என்றார். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

அடக்கப் பூசையில், பதினொரு பெண்களைக் காத்தவர் என்று பிரசங்கம் வைத்தார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை அவர் ஒருநாளும் தனக்கு ஆறுதலாக எடுத்துக்கொண்டதில்லை. பல் கட்டிக்கொள்ளச் சொல்லி என் மகள் தினமும் நச்சரிக்கிறாள். நான் கட்டிக்கொள்ளப் போவதில்லை. சிஸ்டர் அமலியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பல் இல்லாத அந்த இடத்தையும், பயந்தேன் என்று மறைக்காமல் சொல்லக் கற்ற இந்த வாயையும்தான்.