நைட்ரேட்டுக்கு ஒத்துக்கொள்ளாத ஊர்

பள்ளிக்கூட லேப் அசிஸ்டன்ட் வேலை என்பது பாடம் நடத்தாமலேயே பாட்டு வாங்கும் வேலை. பிளஸ் டூவில் சால்ட் அனாலிசிஸ் என்ற பெயரில் ஒரு சிட்டிகை உப்பை வாங்கி, அது என்ன உப்பு என்று தெரியாமல் பக்கத்து மேஜையை எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அந்த உப்பை எடுத்து வைக்கிறவள் நான்.

நான் இருப்பது அந்தமானில், ரங்கத் என்ற ஊரில். இங்கே பாதி வருடம் மழை, மீதி வருடம் மழை வரப்போகிற ஈரம். உப்பெல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிறது. மற்றவை வந்தபடி இருக்கும். கால்சியம் நைட்ரேட் மாதிரி சில மட்டும் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தானே தண்ணீராகிவிடும். என் வேலையோ வருடாவருடம் பிரின்சிபால் கையெழுத்துப் போட்டால் நீளும் காண்டிராக்ட் வேலை. போன வருடம் திருச்சிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பிரின்சிபால் மேடம் முதல் வாரமே சொல்லிவிட்டார்: பிராக்டிகல் பரீட்சையில் ஒரு குறை வந்தாலும் அடுத்த வருடம் வேறு ஆள். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது என்னுடையது ஒன்றுதான். பயந்துதான் போனேன்.

எடை கூடிய குப்பி

ஸ்டாக் சரிபார்க்க ஆபீஸ் கிளார்க் வந்தார். கால்சியம் நைட்ரேட் குப்பியைத் தராசில் வைத்தார். வாங்கியது அரை கிலோ. வகுப்புக்கு எடுத்தது போக நானூறு கிராம் இருக்க வேண்டும். தராசு ஐந்நூறைத் தாண்டி நின்றது. தராசைத் தட்டிப் பார்த்தார், குப்பியைக் குலுக்கிப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

மூடியில் விரிசல், உப்பு ஈரத்தைக் குடித்துவிட்டது என்றேன். எதையும் எடுக்கவில்லை என்று சொல்லிப் பழக்கமுண்டு. எதையும் சேர்க்கவில்லை என்று சத்தியம் பண்ணியது அதுதான் முதல் தடவை. அவர் பேனாவை மூடிவிட்டார். "கொறஞ்சா டேமேஜ்னு எழுதலாம். கூடிப்போனா எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு ரிஜிஸ்டர்லயே இல்லையேம்மா."

ஓவனில் காயவைத்தது

நமத்த அப்பளத்தை வெயிலில் போடுகிற புத்தி எனக்கு. நசநசத்த உப்பில் பாதியைப் பீங்கான் கிண்ணத்தில் பரப்பி ஓவனில் வைத்தேன். அரை மணி கழித்துத் திறந்தால், இருந்த உப்பும் போய்ப் பாகு மாதிரி ஒன்று நின்றது.

கெமிஸ்ட்ரி வாத்தியார் பிஸ்வாஸ் சார் வங்காளி. இருபது வருடம் எங்களோடு பழகிப் பாதித் தமிழர். கோபித்துக்கொள்ளாமல் விளக்கினார். மேலே ஒட்டிய ஈரம் வேறு. இந்த உப்பு படிகமாகும்போதே உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிற தண்ணீர் வேறு. கொஞ்சம் சூடு காட்டினால் தன் தண்ணீரிலேயே தான் கரைந்துவிடும். இப்போது என்ன செய்வது சார் என்றேன். கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தார். "வெளியவும் பானி, உள்ளவும் பானி. சோடோ, விட்டுடுங்க, சாய் குடிங்க."

சாய்த்தால் ஓடும்

பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். நைட்ரேட்தானா என்று உறுதிசெய்ய டியூபில் பிரவுன் ரிங் வரவழைக்க வேண்டுமென்றால் ஆசிட் விட வேண்டும், கை நடுங்கக் கூடாது, பொறுமை வேண்டும். எங்கள் பிளஸ் டூ வகுப்பு அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு சுருக்குவழி கண்டுபிடித்திருந்தது. உப்பு வைத்த கண்ணாடித் தட்டைச் சாய்ப்பார்கள். ஓடினால் நைட்ரேட். ஒரு மாதம் எல்லாருக்கும் முழு மார்க்.

பிஸ்வாஸ் சாருக்குச் சந்தேகம் வந்து, ஒருநாள் லெட் நைட்ரேட்டை வைக்கச் சொன்னார். அது எந்த மழைக்கும் அசையாத ஜாதி. வகுப்பு மொத்தமும் தட்டைச் சாய்த்தது. வகுப்பு மொத்தமும் நைட்ரேட் இல்லை என்று எழுதியது. எப்போதும் முதலில் முடிக்கிற கலைவாணியை எழுப்பி, இது நைட்ரேட்தான் என்றார். அவள் அசரவில்லை. "அப்படின்னா இப்பத்தான் கப்பல்ல வந்திருக்கும் சார். இன்னும் ஊர் பழகல."

முதல் நாளே மேஜையில்

பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம் பிரின்சிபால் மேடம் ஆர்டர் போட்டார்: சாயங்காலத்துக்குள் எல்லா உப்பும் தட்டில், நம்பர் ஒட்டி, மேஜையில். "மேடம், கால்சியம் நைட்ரேட்டை மட்டும் காலையில..." என்று ஆரம்பித்தேன். "ஆர்டர்னா ஆர்டர்" என்றார். வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ராத்திரி பூரா மழை. நான் தூங்கவில்லை.

காலையில் லேபைத் திறந்தால் ஆறு தட்டில் தெளிந்த தண்ணீர். குப்பியில் இருந்தது ஓவனிலும் வகுப்பிலும் இந்தத் தட்டுகளிலுமாகத் தீர்ந்துவிட்டிருந்தது. மாற்றி வைக்க ஒன்றுமில்லை. வெளியே ஜீப் சத்தம். மேடமும் எக்ஸ்டெர்னல் எக்ஸாமினராக வந்தவரும் உள்ளே நுழைந்தார்கள். அவர் வண்டூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார், இந்தத் தீவு மழை பழகிய நம்ம ஆள்தான். மேடம் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உப்பு எங்க?" என்றார். வேலை போச்சு என்றே முடிவு பண்ணிவிட்டேன்.

எக்ஸாமினர் ஒரு தட்டை எடுத்து மெல்லச் சாய்த்தார். ஓடியது. என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "மேடம், டெஸ்ட்டுக்கு எப்படியும் தண்ணியிலதான் கரைக்கணும். கரைச்சே வச்சிருக்காங்க. நல்ல ஸ்டாஃப்" என்றார். அதையே ரிப்போர்ட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் ஆசிட்டைத் தொடுவதற்கு முன்பே பாதி விடை எழுதியிருந்தார்கள்.

ஏப்ரலில் என் காண்டிராக்ட் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேடம் நிமிர்ந்தார். "அடுத்த வருஷம் எல்லா உப்பையும் அதே மாதிரி ரெடியா வச்சிடுங்க."

இந்த ஊரில் உப்பு ஒரு ராத்திரிகூட நிலைக்காததால்தான் எனக்கு இன்னும் ஒரு வருடம் வேலை நிலைத்திருக்கிறது.