கோட்டுக்குக் கீழே மூன்று வட்டங்கள்

அன்று அந்த அறையில் இருந்தது மூன்று பேர். நான், மழை ஆராய்ச்சிக்காக எங்கள் மலையில் தங்கியிருந்த மேடம், அவருக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த சின்னபாப்பா அக்கா. நாலாவது ஆள் இல்லை. பிறகு கேட்பீர்கள் என்றுதான் முதலிலேயே சொல்கிறேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. வேலை போய்விடுமோ, மலை இறங்கும்போது பஸ் கவிழுமோ என்று பயப்படுவதற்கே எனக்கு நாள் போதாது.

எட்டாவதோடு நின்றவன் நான். மேடம் கொடுத்த வேலை சுலபம். காலையில் மேட்டில் நட்டிருக்கும் டப்பாவில் மழைத் தண்ணீர் எவ்வளவு என்று அளந்து, கொட்டிவிட்டு நோட்டில் எழுத வேண்டும். கிணற்று மட்டத்தையும் எழுத வேண்டும். மழை இல்லையென்றால் பூஜ்யம், நான் வராத நாளென்றால் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும்.

சித்திரையில் என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்து, திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தோம். மூன்று கட்டம் வெறுமையாக இருந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவாரோ என்று பயந்து, திரும்பி வந்ததும் மூன்றிலும் பூஜ்யம் எழுதினேன். கிணற்று மட்டத்தைக் குத்துமதிப்பாகப் போட்டேன். அந்த வெயிலில் யார் கேட்கப் போகிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் மேடம் என்னைக் கூப்பிட்டு லேப்டாப்பைக் காட்டினார். அவர் வரிவரியாக எதையோ எழுத, அது படமாக வருகிறது. கிணற்று மட்டம் ஒரு கோடாக ஓடியது. அதற்குக் கீழே மழை பெய்த நாளுக்கெல்லாம் ஒரு வட்டம், பெரிய மழைக்குப் பெரிய வட்டம், பூஜ்யத்துக்கு வட்டமே கிடையாது. என் மூன்று நாளுக்கும் வட்டம் இருந்தது. முதல் நாள் சின்னது, மறுநாள் கொஞ்சம் பெரிது, மூன்றாவது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

"ஏழுமலை அண்ணா, இந்த மூணு நாள் மழையா?"

"இல்லீங்க மேடம். பூஜ்யம்னுதான எழுதிகீறன்."

"இங்கயும் பூஜ்யம்தான் இருக்கு."

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கடைசியில் வட்டம் வரைகிற வரியையே அழித்தார். நீங்கள் சிரித்தாலும் சரி, மற்ற வட்டங்கள் எல்லாம் போய்விட்டன, அந்த மூன்று மட்டும் கோட்டுக்குக் கீழே அப்படியே நின்றன.

"உண்மையைச் சொல்லுங்க. சித்திரைல இந்த மூணு நாள் நீங்கதான் அளந்தீங்களா?"

டீ கொண்டுவந்த சின்னபாப்பா அக்காதான் பதில் சொன்னாள்.

"இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க. தெனமும் வந்தானே. டப்பாவுலேர்ந்து தண்ணிய ஊத்திகினு நின்னான், நான் கூப்ட்டாகூட திரும்பல. பெரிய ஆபீசரு."

மேடம் சிரித்துவிட்டார். "அப்போ என் ப்ரோக்ராம்லதான் தப்பு" என்று லேப்டாப்பை மூடினார். வேலை தப்பியது.

வெளியே வந்து, "அக்கா, யாரப் பாத்த?" என்றேன்.

"உன்னத்தான்பா. மூணா நாளு பச்சக் கொழந்தயத் துண்டுல சுத்தி எடுத்தாந்தியே. ஆஸ்பத்திரிலேர்ந்து எப்படா வந்தன்னு கேட்டேன், வாயத் தொறக்கல."

குழந்தை பிறந்தது அன்றைக்கு விடியற்காலை, திருப்பத்தூரில். மலையில் யாருக்கும் நான் போன்கூடப் போடவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று காலை தொட்டிலில் இருந்து குழந்தையை எடுத்தபோது துண்டு சில்லென்று நனைந்திருந்தது. "இன்னா சிஸ்டர், அதுக்குள்ள குளிப்பாட்டிட்டீங்களா?" என்று நர்ஸிடம் எகிறினேன். "பொறந்த அன்னிக்கு நாங்க குளிப்பாட்டறதே இல்லீங்க" என்றார். மூத்திரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் நனைந்திருந்தது தலைப்பக்கம். முடியெல்லாம் ஈரம்.

பாப்பாவுக்கு இப்போது இரண்டு வயது. மேடத்திடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று அல்ல. அந்த மூன்று நாள் அளந்தது நானில்லை என்று சொல்லிவிட்டால், அவளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நின்றதும் நானில்லை என்று ஆகிவிடும்.