முப்பது பதில்கள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. மலேசியாவில், கிள்ளான் நகரில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். விண்ணப்பப் பாரம் நிரப்புவதும் நான்தான். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படிக்கும்போதே பள்ளிப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பேன். ஒன்று எனக்கு, ஒன்று ஊருக்கு.

அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பிறந்ததை யாரும் போய்ப் பதியவில்லை. நான் பிறந்தது கிள்ளான் ஆஸ்பத்திரியில். பிறப்புப் பத்திரம் கையோடு வந்துவிட்டது. அதனால் ஒரே வயிற்றில் பிறந்த எனக்கு நீல அடையாள அட்டை, அவளுக்குச் சிவப்பு. நீலம் என்றால் குடிமகள். சிவப்பு என்றால் இங்கே இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அக்காதான் என்னைப் படிக்க வைத்தாள். மேரு பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் நிற்குமிடத்தில் ஒரு மேசை, ஓர் அடுப்பு, ஓர் எண்ணெய்ச் சட்டி. வடையும் உருளைக்கிழங்கு மசாலா வைத்த கறிபாப்பும் விற்றாள். லைசென்ஸ் கிடையாது. நகராட்சி லோரி வருவது தெரிந்தால் சுடச்சுடச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடுவாள். ஒருமுறை அப்படி ஓடியபோது எண்ணெய் தளும்பி இடது கையில் கொட்டிவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழுவழுவென்று வேறு நிறமாகிப் போனது. லைசென்ஸ் வேண்டுமென்றால் நீல அட்டை வேண்டும். நீல அட்டை வேண்டுமென்றால் குடியுரிமைக்கு மனுப் போட்டு, அதிகாரி முன்னால் உட்கார்ந்து மலாயில் பேசிக் காட்ட வேண்டும்.

மனுவை நான்தான் நிரப்பினேன். அதோடு விட்டிருக்கலாம்.

அக்கா மலாய் பேசுவாள். ஆனால் அது பாசாரில், சந்தைக்கடையில் பேசுகிற மலாய். நீ, நான் என்பதற்கு 'லூ', 'குவா' என்று மரியாதையில்லாமல் போட்டு, நடுவில் தமிழையும் சீனத்தையும் கலந்து அடிப்பாள். எனக்கு அது கூச்சமாக இருந்தது. கேட்கக்கூடிய கேள்விகள் என்று முப்பதை நானே எழுதி, முப்பதுக்கும் பாடப்புத்தக மலாயில் பதிலும் எழுதினேன். அவள் உளுந்து அரைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"ஆபீசர் முன்னாடி லூ, குவான்னு பேசிடாதேக்கா. நான் எழுதினத மட்டும் சொல்லு."

"சரிங்க டீச்சரம்மா. தும்மல் வந்தா எந்த நம்பர் சொல்லணும்?"

மூன்று மாதத்தில் முப்பதும் வரிசை பிசகாமல் வந்தது. வரிசைதான் பிசகாமல் வந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கோலாலம்பூரில் நேர்காணல். துணைக்கு நானும் உள்ளே போனேன். அதிகாரி நடுவயதுக்காரர், சாந்தமான முகம். கோப்பைப் புரட்டியவர் அக்காவின் கையைப் பார்த்தார். "கையில் என்ன காயம்?" என்று மலாயில் கேட்டார்.

அது முப்பதில் இல்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு நேராக நிமிர்ந்து, முதல் பதிலைச் சொன்னாள். தன் பெயர் இன்னதென்று. அவர் மறுபடி மெதுவாகக் கேட்டார். அவள் இரண்டாவது பதிலைச் சொன்னாள். தலைநகரம் கோலாலம்பூர் என்று.

என்னால் பொறுக்க முடியவில்லை. குறுக்கே புகுந்து, அக்கா சிறு வணிகத்தில் ஈடுபட்டிருக்கிறார், பணியின்போது விபத்து ஏற்பட்டது என்று மலாய்ப் பத்திரிகையில் எழுதுவதுபோல ஒரு நிமிடம் பேசினேன். அவர் முடியும்வரை கேட்டார்.

"உங்கள் மலாய் மிக நன்றாக இருக்கிறது," என்றார். "ஆனால் உங்களுக்கு நீல அட்டை ஏற்கெனவே இருக்கிறதே."

கோப்பை மூடிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "நீ பாஸ் பண்ணிட்டே லா. நான்தான் பெயில்."

பல வாரங்கள் அந்த அதிகாரி மேல்தான் எனக்குக் கோபம். பரீட்சை முடிந்து விடுமுறையில் இருந்தபோது ஒரு காலை கடையில் உதவிக்கு நின்றேன். தொழிற்சாலைச் சீருடையில் ஒரு மலாய்ப் பெண் வந்தாள். தூரத்துக் கிளந்தான் மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவள். கறிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி எதையோ சொன்னாள். மலாய்ப் பாடத்தில் முதல் தரம் வாங்கிய எனக்கு அவளுடைய வட்டாரப் பேச்சில் பாதி புரியவில்லை. அக்காவுக்கு எல்லாம் புரிந்தது. வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே ஏதோ கேட்டாள், அந்தப் பெண் பதில் சொன்னாள், அக்கா ஏதோ கேலி செய்தாள், அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டு பஸ் ஏறினாள்.

"என்னக்கா சொன்னா?"

"அவ அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையாம். சூப்பர்வைசர் லீவு தரலையாம். எப்படிக் கேக்கணும்னு சொல்லிக் குடுத்தேன்."

பள்ளிக்கூட வாசல் மிதிக்காத ஒருத்தி மூன்று மொழிக்காரர்களைத் தினமும் பேசிச் சமாளித்து, அந்தக் காசில் என்னைப் படிக்க வைத்திருக்கிறாள். அவள் வாயைத்தான் நான் முப்பது பதிலால் அடைத்திருந்தேன். அன்றைக்குக் கடையில் என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. மாலையில் நோட்டுப் புத்தகத்தை எடுத்து முப்பது பதிலும் எழுதியிருந்த பக்கங்களைக் கிழித்தேன். அவள் அவற்றைக் கேட்டு வாங்கி, வடை மடிக்க வைத்துக்கொண்டாள்.

மறுபடி மனுப் போட்டோம்; இரண்டாவது அழைப்பு வர ஒன்றரை வருடமானது. அதற்குள் நான் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறையில் இருந்தேன். அக்கா அங்கே வந்து தங்கினாள். நான் கேட்டேன், "இந்தத் தடவ நான் என்ன செய்யணும்?"

"பாரத்த நெரப்பிட்டேல்ல. வாய நான் பாத்துக்கறேன். நீ வெளிய உக்காரு."

மறுநாள் நேர்காணல் அறைக்கு வெளியே உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. இந்த முறை ஒரு பெண் அதிகாரி. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டதுதான் தாமதம், அக்கா ஆரம்பித்துவிட்டாள். லூவும் குவாவும் வந்து விழுந்தன. நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கையைக் காட்டி, லோரி வந்தது, ஓடினேன் என்றாள். அரசாங்க அதிகாரியிடம் போய் லைசென்ஸ் இல்லாமல் ஓடிய கதையைச் சொல்கிறாளே என்று எனக்கு வியர்த்தது. எழுந்துகூட விட்டேன். பிறகு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான காரியங்களில் அப்படி உட்கார்ந்ததும் ஒன்று.

"வடையெல்லாம் கொட்டிப் போச்சா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒண்ணுகூடக் கொட்டல. எண்ணெய்தான்."

உள்ளே இரண்டு பேரும் சிரித்தார்கள். கிள்ளான் இருக்கும் சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகரம் எது என்று கேட்டார். "ஷா ஆலாம். அங்க இன்னும் வித்ததில்ல," என்றாள். மலாயில்தான், அவளுடைய மலாயில்.

வெளியே வந்தவள் செருப்பை மாட்டியபடி, "அந்தம்மாவுக்கு உளுந்து ஊறப்போடத் தெரியல. சொல்லிக் குடுத்துட்டு வந்தேன்," என்றாள்.

பல மாதம் கழித்து நீல அட்டை வந்தது. அதன் பிறகு லைசென்ஸும் வந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசைக் காலில் கட்டினாள். அந்த வார இறுதியில் நான் கடையில் நின்றபோது தெருமுனையில் நகராட்சி லோரி திரும்பியது. பழக்க தோஷத்தில் வடைத் தட்டை இரண்டு கையாலும் தூக்கிவிட்டேன்.

அக்கா சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கீழ வை," என்றாள். "அவங்களும் காலைல பசியோடதான் வந்திருப்பாங்க."