சுந்தரி பாத்திரம் கழுவிய பஸ்

என் மகளுக்கு அடுத்த வாரம் தமிழ் இலக்கியப் பரீட்சை. பதினேழு வயது, ஐந்தாம் படிவம் படிக்கிறாள். பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை இப்போது அவளுடைய ராஜ்ஜியம். போன ஞாயிற்றுக்கிழமை தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, ஒரு கையில் வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரெங், இன்னொரு கையில் பேனா என்று உட்கார்ந்திருந்தாள். கதைகளில் வரும் உத்திகளைப் பற்றிய பாடமாம். தாளெல்லாம் எண்ணெய்.

"மா, பின்னோக்கு உத்தின்னா என்னா? டீச்சர் நடத்துனப்ப நான் ஸ்கூலுக்குப் போவல."

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். யோசிக்கக்கூட இல்லை. "பெம்பான் பஸ் ஸ்டாப்பு" என்றேன்.

"என்னா லா மா, நான் சீரியஸா கேக்குறேன்."

நானும் சீரியஸாகத்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை. நீங்களாவது நம்புவீர்கள் என்று இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் தமிழில் வாங்கிய மதிப்பெண்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம். என் மகள் இதைப் படித்தாலும் படிப்பாள். ஆனால் ஒரு கதையை எங்கே தொடங்குகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள், எதை ஒளித்துவைக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எல்லாம் தொழிற்சாலை பஸ்ஸில் கற்றுக்கொண்டது.

இன்றைக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் எனக்குச் சம்பல் வாசனையோடு டீசல் வாசனையும் சேர்ந்து வரும். என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "டீசலும் இல்ல, ஒன்னும் இல்ல, சாப்பிடு" என்பார். பாவம், அவர் அந்தப் பஸ்ஸில் வந்ததில்லை. இருபது பெண்கள் ஒரே நேரத்தில் பொட்டலம் பிரிக்கிற பஸ் அது. தேங்காயெண்ணெய், பவுடர், ஈரத் தலைமுடி, நெத்திலிச் சம்பல், டீசல் எல்லாம் கலந்த அந்த வாசனைக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வயதுப் பெண்கள் யாரும் தோட்ட வேலைக்குப் போகத் தயாராக இல்லை. குருபோங்கில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலை இருந்தது. எங்களை ஏற்றிப் போக விடியுமுன்னே பஸ் வரும். முதலில் எங்கள் தோட்டம், பிறகு பெம்பான், பிறகு வழிநெடுக இரண்டொரு கம்பத்துக் கிராம முனைகள். போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பி ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலை நேரத்தில் பேசக் கூடாது, முகமூடி வேறு. அதனால் எங்கள் பேச்சு முழுவதும் பஸ்ஸில்தான்.

பேச்சு என்றால் பிலோமினாக்கா. எங்கள் தோட்டத்துக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவாள்; சனி தவறாமல் வாடகைக்கு வீடியோ டேப் எடுத்துப் படம் பார்ப்பாள். முதலில், தான் பார்த்த படங்களைத்தான் பஸ்ஸில் சொல்லிக்கொண்டிருந்தாள். கைவசம் இருந்த படமெல்லாம் தீர்ந்ததும், ஒரு திங்கட்கிழமை, யாரையும் கேட்காமல் சொந்தமாக ஒன்றை அவிழ்த்துவிட்டாள்.

சுந்தரி ஒரு தோட்டத்துப் பெண். அவள் அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டான். சுந்தரிக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று. ஆனால், "அண்ணன் வந்து நிக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் வருவானா, வர மாட்டானா? அவ்வளவுதான் கதை. இதை வைத்துக்கொண்டு பிலோமினாக்கா ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினாள்.

பெம்பான் பஸ் ஸ்டாப்புக்கு வருகிறேன். அங்கேதான் பவளமும் அவள் கூட்டமும் ஏறுவார்கள். பவளத்துக்கு என் வயதுதான், ஆனால் வாய் நாலு பேருக்குப் போதும். ஏறும்போதே, "யக்கா, என்னா ஆச்சு? மொதல்லேருந்து சொல்லுங்க" என்பாள். தோட்டத்திலேயே ஏறிய நாங்கள் விடுவோமா? "அதெல்லாம் முடிஞ்சிருச்சு, நீங்க மேல போங்கக்கா!" என்று கத்துவோம். இரண்டு பக்கமும் பார்த்த பிலோமினாக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். பெம்பானில் பஸ் நின்றதும் சுந்தரி பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிடுவாள். "கழுவிக்கிட்டே இருக்கா... அப்பத்தான் அவளுக்குக் காலையில நடந்ததெல்லாம் ஞாபகம் வருது..." விட்டுப்போனதெல்லாம் பவளத்துக்குக் கிடைத்துவிடும், சுந்தரி அதை நினைத்து அழுவது எங்களுக்கும் புதிதாக இருக்கும். அந்தப் பெண் கழுவிய பாத்திரங்களில் மூன்று கல்யாணத்துக்குச் சமைத்திருக்கலாம்.

வருணனையும் அப்படி வந்ததுதான். செம்பனைக் குலை ஏற்றிய லோரி முன்னால் மாட்டிக்கொண்டால் பஸ் நகராது. கதையை ஓட்டிவிட்டால் நாளைக்குச் சரக்கு இருக்காது. உடனே மாப்பிள்ளையின் அம்மா வந்து வாசலில் நிற்பாள், அக்கா அவள் சேலையைச் சொல்லத் தொடங்குவாள். கரை, முந்தானை, முந்தானையில் மயில், அந்த மயிலின் கழுத்து. லோரி ஒதுங்கியதும் மயிலைப் பாதியில் விட்டுவிட்டு அந்த அம்மாள் சட்டென்று உள்ளே வந்துவிடுவாள். இப்போதும் ஏதாவது புத்தகத்தில் பக்கம் பக்கமாகச் சேலையை வருணித்திருந்தால், பாவம், இவருக்கு முன்னால் எந்த லோரி போனதோ என்று நினைத்துக்கொள்வேன்.

யாராவது தூங்கி வழிந்தால் அதற்கும் மருந்து இருந்தது. "அடுத்த வீட்டுக் கொடியில ஒரு நீலச் சட்ட காயுது. யாருதுன்னு கேக்காதீங்க. ஞாபகம் மட்டும் வச்சிக்குங்க" என்பாள் குரலைத் தாழ்த்தி. தூங்கினவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். அது யாருடைய சட்டை என்று நான் தனியாகக் கேட்டேன். "எனக்கே தெரியாது லா. தொங்கட்டும், எப்பயாச்சும் ஒதவும்" என்றாள். கொஞ்ச நாளில் உதவியது. அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த காய்கறி வேன்காரன் அந்தச் சட்டையோடு வந்து நின்றான். முகம் நிறையத் தாடி. அவன்தான் அண்ணன்.

எங்களுக்குத் தெரியும், சுந்தரிக்குத் தெரியாது. அவள் பாட்டுக்கு, கங்கோங் கீரை வாடியிருக்கிறது என்று அவனிடமே சண்டை பிடிக்கிறாள். பஸ்ஸே பதறியது. பவளம் சீட்டின் மேல் ஏறி நின்று, "அடியே, நிமிந்து பாருடி! ஒங்கண்ணன்டி அது!" என்று அலறினாள். அப்போது முன்னாலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"இத்து அபாங் டியா லா! அய்யோ, கண்ணு தெரியல இவளுக்கு!"

அவள் அண்ணன்தான் அது என்று பாதி மலாயில் கத்தியவர் டிரைவர். மலாய்க்காரர், எங்களுக்கெல்லாம் அவர் பாக்சிக், சித்தப்பா முறை. அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் அவர் தொந்தியைப் பற்றியே நாங்கள் என்னென்னவோ பேசியிருக்கிறோம். மனிதர் கதை கேட்டுக் கேட்டே தமிழ் படித்திருக்கிறார். அன்று இன்னொன்றும் புரிந்தது. கொஞ்ச நாளாகப் பஸ் தாமதமாகப் போய்ச் சேர்வதற்கு லோரிகள் மட்டும் காரணமில்லை. கதை சூடு பிடித்தால் பாக்சிக்கின் கால் மிதியிலிருந்து தானாக எழுந்துவிடும். மிச்சக் கதையை நாங்கள் தொழிற்சாலைக்குள் நடந்து போகும்போது கேட்டுக்கொள்வோம். அவர் வாசலோடு பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போக வேண்டுமே.

சிரியோ சிரியென்று சிரித்தோம். அந்த வாரமே சிரிப்பு நின்றது. இன்னொரு தடவை பஸ் தாமதமானால் டிரைவரை மாற்றிவிட வேண்டும் என்று தொழிற்சாலையிலிருந்து பஸ் முதலாளிக்குச் சொல்லிவிட்டார்கள். பாக்சிக்குக்கு வீடு நிறையப் பிள்ளைகள், கடைக்குட்டிக்கு இழுப்பு. பஸ் ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. எங்களுக்கும் அவரைப்போல் இன்னொருவர் கிடைக்க மாட்டார். இருட்டில் ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள் என்றால், அவள் வந்து சேரும்வரை பாதையில் விளக்கை அடித்துக்கொண்டு நிற்பார். எங்கள் அம்மாக்கள் எங்களை அவ்வளவு தூரம் வேலைக்கு அனுப்பியதே அவரை நம்பித்தான்.

"நான் வாய மூடிக்கிறேன்" என்றாள் பிலோமினாக்கா. "ஒரு கதைக்காக ஒரு மனுசன் சோத்துல மண்ணப் போடக் கூடாது."

மறுநாள் கதை இல்லை. நிலைமை முன்னைவிட மோசமானது. கதையைத் தவறவிடக் கூடாதே என்றுதான் எல்லோரும் அதுவரை பஸ்ஸுக்கு முன்னாலேயே வந்து நின்றிருக்கிறோம். கதை இல்லையென்றதும் நான் இன்னொரு தடவை தலை வாரினேன். பவளம் டீயைக் குடித்து முடித்து ஆடி அசைந்து வந்தாள். பாக்சிக் வேர்த்து விறுவிறுத்து ஓட்டினார். மணி அடிக்கவும் நாங்கள் உள்ளே போய் விழவும் சரியாக இருந்தது.

சாயங்காலம் திரும்புகிற வழியில் அவரே பேசினார். "கத வேணும். கத சொல்லு. ஆனா குருபோங் டிராபிக் லைட் வந்தா ஸ்டாப். மிச்சம் நாளைக்கி."

அதன்பிறகு அந்த விளக்கு கண்ணில் பட்டதும் கதை அப்படியே நின்றுவிடும். சுந்தரி வீட்டுக் கதவை யாரோ தட்டுவார்கள். யார் என்று தெரியாது. அக்கா வாயை மூடிக்கொண்டு பையைத் தோளில் மாட்டிவிடுவாள். முதல் சில நாள் கிடைத்த இடத்தில் வெட்டினாள். பிறகு வெட்டுகிற இடத்துக்காகவே கதையை ஓட்டிக்கொண்டு வந்தாள். கதையில் வேலையில்லாத மாமன் மச்சானையெல்லாம் ஊருக்கு அனுப்பிவைத்தாள். பாக்சிக்கும் காலை எடுக்கவில்லை. விளக்குக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்தக் கதவைத் தட்டுவார்கள் என்பதால் நன்றாகவே மிதித்தார். நாங்கள் பிறகு ஒரு நாளும் தாமதமாகவில்லை, அவர் வேலையும் நிலைத்தது. என் மகளின் பாடத்தில் இந்த உத்திக்கு ஏதோ பெரிய பெயர் போட்டிருக்கிறது. எனக்கு அது பாக்சிக்கின் பிள்ளைகள் சாப்பிட்ட சோறு.

அண்ணன் மட்டும் வீட்டுக்குள் வரவே இல்லை. இதோ வந்துவிட்டான் என்று தோன்றும்போதெல்லாம் டிராபிக் லைட் வந்துவிடும்.

பிறகு தொழிற்சாலையே வேறு நாட்டுக்குப் போகிறது என்றார்கள். கடைசி நாள் ஆளுக்கொரு குடை கொடுத்தார்கள். அன்று மத்தியானம் கேண்டீனில் பிலோமினாக்கா எனக்கு மட்டும் முடிவைச் சொன்னாள். சுந்தரியின் கல்யாணத்தன்று அண்ணன் வருகிறான். உள்ளே வரக் கூச்சப்பட்டுப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். முதலில் பார்ப்பது அப்பாதான். ஒன்றும் பேசாமல் போய், தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் தோளில் போட்டுவிடுகிறார். "நல்லாருக்கா?" என்று கேட்டாள். எனக்குக் கண்ணீரில் சோற்றுத் தட்டே தெரியவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் யாரும் பேசவில்லை, பவளம்கூட. குடைகள் மடியில் கிடந்தன. முதல் ஆள் இறங்குவதற்குச் சற்று முன்னால், செம்பனை மரங்கள் தொடங்குகிற இடத்தில், பாக்சிக் பஸ்ஸை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பயந்து ஓட்டிய மனிதர். எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இன்னிக்கி டைம் இருக்கு. சொல்லு."

பிலோமினாக்கா எழுந்து நின்று எங்களைப் பார்த்தாள். எல்லோர் கண்ணும் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தது. ஒரு சொல் போதும், பஸ்ஸே உடைந்து அழுதிருக்கும். என்னை ஒரு தடவை பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கதவு தட்டுற சத்தம். சுந்தரி ஓடிப்போயி தொறக்கப் போறா. அப்பப் பாத்து முழிப்பு வந்துருச்சு. பாத்தா, பாயில படுத்திருக்கா. அண்ணன் எங்கயும் போவல. பக்கத்துல கொறட்ட விட்டுத் தூங்குறான். எல்லாம் கனவு."

வந்தது பாருங்கள் ஒரு கூச்சல்! "கனவா?" "அநியாயம்க்கா!" "பாக்சிக், இந்த அக்காவ இங்கயே எறக்கி விட்டுட்டுப் போங்க!" பாக்சிக் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டி, "மானா போலே! மானா போலே லா! அது எப்புடி?" என்று கத்தினார். பஸ் கிளம்பியும் சண்டை ஓயவில்லை. பெம்பானில் இறங்கிய பவளம் ஜன்னலுக்குக் கீழே நின்று குடையை ஆட்டினாள். "ஒரு வருசமா நான் அழுத அழுகைக்கு என்னா பதிலு? நாளைக்கி வாங்க, ஒங்களுக்கு இருக்கு!"

பிலோமினாக்கா ஜன்னலில் சிரித்துக்கொண்டிருந்தாள். பஸ் திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான் நாளைக்குப் பஸ் இல்லை என்பது எனக்கு உறைத்தது. யாரும் யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. யாரும் அழவும் இல்லை. நாங்கள் அழக் கூடாது என்று அவள் தன் கதையின் நல்ல முடிவைக் கெடுத்துக்கொண்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் அவள்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வருகிறது.

அந்தத் தொழிற்சாலை இப்போது ஏதோ கிடங்கு. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு காடி ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். பாக்சிக் காலமாகிவிட்டார். பிலோமினாக்கா தங்கை வீட்டோடு ஜோகூருக்குப் போனாள். கொஞ்ச காலம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு அதுவும் நின்றது.

போன மாதம் பசாரில் பவளத்தைப் பார்த்தேன். தலை நரைத்து, முழங்காலுக்குப் பட்டை போட்டு, பேரனைக் கையில் பிடித்திருந்தாள். நலம் விசாரித்துக்கூட முடிக்கவில்லை. "அந்த அக்கா எங்க இருக்குன்னு தெரியுமா லா? கனவாம் கனவு! கண்ணுல மாட்டட்டும், விட மாட்டேன்" என்றாள். பேரன் பயந்துபோய் அவளை அண்ணாந்து பார்த்தான்.

கேண்டீனில் கேட்ட முடிவு என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பவளத்தின் கோபம் தீர்ந்துவிடும், அந்தப் பஸ்ஸில் மிச்சமிருந்த சண்டையும் முடிந்துவிடும். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஆமா லா" என்றேன், "பெரிய அநியாயம்."